சுருட்டு மணத்தில் வேப் ஃப்ளேவர்

இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் தயாரிப்பும் விற்பனையும் தடை. இந்தச் செய்முறை பிரிட்டன் போல அனுமதியுள்ள நாடுகளில் வேப் (இ-சிகரெட்) பிடிப்பவர்களுக்கு. செயற்கை மணம் சேர்க்காத சுருட்டைப் பொடியாக நறுக்கி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு புரொப்பிலீன் கிளைக்கால் (வேப் திரவத்தில் இருக்கும் அடிப்படைத் திரவம்) ஊற்றுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். சில வாரம் இருட்டில் ஊறட்டும், அவ்வப்போது குலுக்கினால் போதும்.

அப்புறம் வடிகட்டுவதில்தான் பொறுமை தேவை. முதலில் துணி, பிறகு காபி ஃபில்டர் பேப்பர். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். பிழியாதீர்கள், திரும்பத் திரும்ப வடிகட்டுங்கள். தூள் தங்கினால் வேப் கருவியில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் (coil) சீக்கிரம் கருகும்.

சாற்றில் நிகோடினும் இறங்கியிருக்கும், எவ்வளவு என்று வீட்டில் அளக்க முடியாது. கையுறை போடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் பாட்டிலில் பெயர் எழுதி, பூட்டி வையுங்கள்.