ஒரு முறி தேங்காய் எங்கே போனது? பிரசவத்துக்குப் பின் கலோரி எண்ணும்போது செய்யும் தவறுகள்

என் பிறந்த வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், புகுந்த வீடு பாறசாலைக்கு அந்தப் பக்கம். தமிழ்நாடு-கேரள எல்லை தாண்டினால் பேச்சு கொஞ்சம் மாறும். தேங்காய் மட்டும் மாறாது. இரண்டாவது பிள்ளை பிறந்த ஐந்தாம் மாதம், போனில் ஒரு செயலியை இறக்கி கலோரி எண்ணத் தொடங்கினேன். ஆறு வாரம் ஒருநாள் விடாமல் எழுதினேன். தொடங்கும்போது 71 கிலோ, ஆறு வாரம் கழித்தும் 71 கிலோ. பகலெல்லாம் வயிறு காய்ந்ததுதான் மிச்சம். எங்கே தப்பு என்று தேடப்போனால், அது ஒன்றோடு நிற்கவில்லை.

முதல் தப்பு, முதல் நாளே நடந்தது. செயலி வயது, உயரம், எடை கேட்டது. வாரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டது. ஆசைக்கு ஒரு கிலோ என்று தட்டினேன். 1200 கலோரி என்று பதில் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாயா என்று அது கேட்கவே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள, அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி வேண்டும். பால் கொடுத்தால் முதல் ஆறு மாதம் அதற்கு மேல் 600, அடுத்த ஆறு மாதம் 520. கூட்டிப் பாருங்கள், 2260 வருகிறது. 1200 என்பது அதில் பாதிதான்.

அதற்காக 2260-ஐயும் தின்றே தீர வேண்டும் என்றில்லை. கொஞ்சம் குறைத்தால் உடம்பில் சேர்ந்த கொழுப்பிலிருந்து அது எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. ஆக, தினம் 500 குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை இறங்கும். பால் கொடுப்பவர்களுக்கு அதுவே போதுமான வேகம். அதுவும் பிரசவம் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆகி, பால் நன்றாக நிலைத்த பிறகுதான். பிள்ளை கூழும் பழமும் சாப்பிடத் தொடங்கி, பால் குடிப்பது குறையும்போது கணக்கையும் திருப்பிப் போட வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, பால் நிறுத்தியும் பழைய அளவிலேயே சாப்பிடுகிறார்கள்.

இனி தேங்காய்க்கு வருகிறேன். செயலியில் ‘மீன் குழம்பு, ஒரு கிண்ணம்’ என்று தேடினால் ஏதோ ஒரு எண் வரும். அது யார் வீட்டுக் குழம்பு என்று தெரியாது. ஒருநாள் சந்தேகம் வந்து, குழம்புக்கு மாமி, அதாவது என் மாமியார், துருவி வைத்த ஒரு முறி (பாதித் தேங்காய்) தேங்காயை எடைக்கருவியில் வைத்தேன். 140 கிராம். நூறு கிராம் தேங்காயில் 350 கலோரிக்குக் குறையாது. ஆக, இதுவே 500-ஐத் தொடுகிறது. தாளிக்க ஊற்றிய தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அது 240. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 185. மீனை இன்னும் சேர்க்கவே இல்லை! அதே நாளில் பயறு துவரன் (பொரியல்) உண்டு, அதிலும் தேங்காய். ராத்திரி கஞ்சிக்குச் சம்மந்தி என்கிற துவையல், அது முழுக்கத் தேங்காய். தேங்காயை வறுத்தரைத்துத் தீயல் வைக்கிற நாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தேங்காயை நிறுத்த வேண்டாம். நான் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை, வீட்டில் சண்டைதான் வந்தது. பண்ண வேண்டியது இவ்வளவுதான்: சட்டியில் போடும் தேங்காய், எண்ணெய், மீன் எல்லாவற்றையும் பச்சையாக எடை போட்டு, ‘நம்ம வீட்டுக் குழம்பு’ என்று செயலியில் ஒருமுறை பதிந்து, சாப்பிடும் ஆட்களால் வகுத்துவிடுங்கள். பெரும்பாலான செயலிகளில் அதற்கு வசதி இருக்கிறது. எண்ணெயைக் குப்பியிலிருந்து சரிக்காமல் கரண்டியால் ஊற்றுங்கள். நாங்கள் ஒரு முறிக்குப் பதில் அரைமுறி போட்டோம், குழம்பு கொஞ்சம் நீர்த்தது. இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிட்டது.

அரிசியில் வரும் தப்பு வேறு மாதிரி. நூறு கிராம் அரிசியில் 350 கலோரி என்பது வேகாத அரிசிக்கு. அதுவே வெந்து சோறானால் மூன்று மடங்காக ஊதிவிடும். நூறு கிராம் சோற்றில் 120, 130 தான். சோற்றை எடை போட்டு அரிசிக் கணக்கில் எழுதினால், சாப்பிடாத 200 கலோரியைச் சாப்பிட்டதாக நினைத்துப் பட்டினி கிடப்பீர்கள். அரிசியை அளந்துவிட்டு சோற்றுக் கணக்கில் எழுதினால் தலைகீழாகும். சம்பா அரிசி (எங்கள் பக்கத்துச் சிவப்பரிசி) நல்லது என்று சொல்லி இரண்டு அகப்பை கூடப் போடுவதும் நடக்கிறது. நார்ச்சத்து கூடுதல், வயிறு நிற்கும், சரி. ஆனால் கலோரியில் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் மருந்து. லேகியத்தை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. கருப்பட்டி, நெய், தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டியது, காலையும் மாலையும் ஓர் உருண்டை. “பச்சை உடம்புக்காரி மோளே, மருந்துக்கும் கணக்கு பார்ப்பியா?” என்று மாமி கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. முதல் நாற்பது நாள் கணக்கு பார்க்கிற காலமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் லேகியம் நாற்பதோடு நிற்கவில்லை, டப்பா தீரத் தீர அடுத்தது வந்தது. கருப்பட்டி நாட்டுப் பொருள்தான், ஆனாலும் கிராமுக்கு நாலு கலோரிக்குக் கிட்டே, சீனியைப் போலவே.

இரவு 11 மணிக்குப் பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, சத்தம் வராமல் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் டின்னைத் திறக்கும் வித்தை எனக்குத் தெரியும். மூடியை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே மறுபக்கம் தூக்க வேண்டும். இது எந்தச் செயலியிலும் பதிவாகவில்லை. மூத்தவள் தட்டில் மிச்சம் வைத்த தோசையும் அப்படித்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை, தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும். பகலில் 1200-ல் நிறுத்திக்கொண்டவளுக்கு ராத்திரி டின் தானாகவே கைக்கு வரும். மத்தியானம் ஒரு மீன் துண்டு, ஒரு முட்டை கூடச் சாப்பிட்ட நாட்களில் டின் பக்கம் போகத் தோன்றவில்லை.

எடைக்கருவியைத் தினம் பார்த்து மனம் நோகாதீர்கள். முந்தின ராத்திரி கருவாடு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், காலையில் ஒரு கிலோ கூடிக் காட்டும். அது கொழுப்பு இல்லை. வார சராசரியைப் பாருங்கள். கைக்கடிகாரம் ‘300 கலோரி எரித்தாய்’ என்றதும் அதை ஈடுகட்ட ரசவடை தின்ன வேண்டாம், அந்த எண் பல நேரம் கூடுதலாகவே காட்டும். வயிற்றில் துணி சுற்றுவது முதுகுக்கு இதமாக இருக்கலாம், கொழுப்பைக் கரைக்காது.

கணக்கெல்லாம் சரியாக வைத்தும் இரண்டு மாதமாக எடை அசையவில்லை என்றால், உணவை இன்னும் குறைக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தைராய்டு சுரப்பு குறைவது அபூர்வமில்லை. அசதி, முடி கொட்டுவது, மலச்சிக்கல் எல்லாம் ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று தள்ளிப்போய்விடும். கூடவே ரத்தசோகையும் பார்த்துவிடலாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி சிலருக்கு எடையைக் கூட்டும். போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். எனக்கு தைராய்டு சரியாகத்தான் இருந்தது. சிப்ஸ் டின்தான் சரியில்லை.