சோங்சுவோ: அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

சீனாவுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பெரியப்பா, "எது, அந்தப் பெரிய சுவரப் பாக்கவாப்பா?" என்றார். இல்லை பெரியப்பா, மலை பார்க்க என்றேன். ஒத்தக்கடையில் யானைமலையை வாசலிலேயே வைத்துக்கொண்டு, மலை பார்க்க விமானம் ஏறுகிறவனை அவர் பார்த்த பார்வை நியாயமானதுதான். ஆனால் யானைமலை ஒன்றுதான் இருக்கிறது. சோங்சுவோவில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில், நெல் வயலுக்கு நடுவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என்று எங்கே திரும்பினாலும் தனித்தனிக் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன, எண்ணி முடியாது.

நம் ஊர் மலைகள் வெந்து இறுகிய கடினப் பாறை. அங்கே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீரில் காற்றும் மண்ணும் கலக்கும் லேசான அமிலமே போதும், லட்சக்கணக்கான வருடங்களில் கல்லைக் கரைத்துக் கரைத்து குகையாகவும் பள்ளமாகவும் நிலத்தடி ஆறாகவும் ஆக்கிவிடும். கரையாமல் மிஞ்சியதுதான் நாம் பார்க்கிற குன்று. இதையே பார்க்க உலகம் முழுக்க குய்லின் ஊருக்குப் போய் வரிசையில் நிற்கிறது. சோங்சுவோவில் அந்த வரிசை இல்லை.

இடம் எங்கே என்றால், தென் சீனாவில் குவாங்சி மாகாணத்தின் தென்மேற்கு ஓரம், வியட்நாம் எல்லை. மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதில் பத்துக்கு ஒன்பது பேர் ஜுவாங் இனத்தவர். ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சோங்சுவோ என்பது ஒரு நகரத்தின் பெயரும்தான், ஒரு மாவட்டத்தின் பெயரும்தான். அறை தேடும்போது 'சோங்சுவோ' என்று போட்டு, வந்ததில் மலிவானதைப் பதிவு செய்தால், மதுரையில் அறை என்று நினைத்து உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் போய் இறங்கின கதையாகிவிடும். நான் அப்படித்தான் முதல் இரவு நகரத்திலிருந்து ரொம்ப தூரத்தில், எல்லையோரக் கிராமத்தில் ஓர் அறைக்குப் பணம் கட்டிவிட்டு, போய்ச் சேர முடியாமல் அதை இழந்தேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எப்போது போகலாம்? மே முதல் செப்டம்பர் வரை மழையும் புழுக்கமும். நம் ஆட்களுக்கு வெயில் பழக்கம், ஆனால் அந்த ஈரப்பதம் வேறு. டிசம்பர், ஜனவரியில் குளிர் பெரிதில்லை என்று கணக்குப் போடாதீர்கள், சில்லென்ற ஈரக் குளிர், தெற்குப் பக்கம் என்பதால் பல இடங்களில் அறையைச் சூடாக்கும் வசதியும் இருக்காது. அக்டோபரும் நவம்பரும்தான் சரி. எல்லையில் இருக்கிற பெரிய அருவியில் தண்ணீர் இருக்கும், வானம் தெளிந்திருக்கும். அக்டோபர் முதல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சீனா முழுக்க விடுமுறை, ஊரே கிளம்பி வரும்.

இன்னொரு நல்ல சமயம், அவர்களுடைய மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் வருகிற பாட்டுத் திருவிழா. குவாங்சி முழுக்க அரசு விடுமுறை. அதுவும் நிலாக் கணக்கு, நம் சித்திரைத் திருவிழாவும் நிலாக் கணக்கு என்பதால் இரண்டும் பெரும்பாலும் ஒட்டியே வரும். அவர்கள் பிறை பார்த்துப் பாடத் தொடங்குகிற சமயத்தில்தான் ஏறத்தாழ இங்கே மீனாட்சி கோயிலில் கொடியேறும். 2026-இல் அவர்களுக்கு ஏப்ரல் 19. பாட்டைக் கேட்டுவிட்டு, அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் ஊர் திரும்பிவிடலாம், அவ்வளவு பொருத்தம்.

சரி, போகிற வழி. மதுரையிலிருந்து சீனாவுக்கு நேரடி விமானம் கிடையாது. மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி திருச்சி போய், அங்கிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர், அதன்பின் குவாங்சியின் தலைநகரான நான்னிங் என்பது நமக்குத் தோதான பாதை. கொல்கத்தாவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் குவாங்ஜோவுக்கு 2025 இறுதியில் நேரடி விமானம் மறுபடி வந்துவிட்டது, குவாங்ஜோவிலிருந்து நான்னிங்குக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். எந்தப் பாதை என்றாலும் நான்னிங்கிலிருந்து சோங்சுவோவுக்கு 2022 டிசம்பரில் திறந்த அதிவேக ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அது நிற்பது சோங்சுவோ தெற்கு நிலையம். வெறும் சோங்சுவோ என்று இருப்பது பழைய நிலையம், பழைய பாதை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தனியாக டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, எந்த பாஸ்போர்ட் எண்ணில் பதிவு செய்தீர்களோ அந்த பாஸ்போர்ட்தான் டிக்கெட்.

விசா கட்டாயம். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா 2025 ஜூலையிலிருந்து மறுபடி தருகிறார்கள். இணையத்தில் "பத்து நாள் விசா இல்லாமல் தங்கலாம்" என்று வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. ஒரு முறை மட்டும் நுழையும் விசா எடுத்துவிட்டு, பக்கத்தில்தானே இருக்கிறது என்று வியட்நாம் பக்கம் எட்டிப் பார்த்தாலும் கதை முடிந்தது, திரும்ப உள்ளே வர முடியாது.

பணம் கட்ட போனில் அலிபே அல்லது வீசாட் செயலி. கிளம்புவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவிடப்பட்ட உங்கள் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ அதில் இணைத்துவிடுங்கள். வங்கி ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதை அங்கே போய் உணர்ந்தால் கஷ்டம். அலிபேயில் 200 யுவானுக்குக் கீழே வெளிநாட்டு அட்டைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். 2025-இல் யுவான் சுமார் 12 ரூபாயாக இருந்தது. ஹோட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் வராது, நம் ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டால் வரும். வீட்டில் அம்மாவுக்குத் தினமும் முகம் காட்ட வேண்டியவர்கள் ரோமிங்கில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

இனி ஊருக்குள். ஐந்து நாளாவது வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளை எதற்கும் ஒதுக்காமல் நகரத்திலேயே விடுங்கள். நகரத்தை ஒட்டி வளைந்து ஓடுவது சுவோ ஆறு, பெயரின் பொருள் 'இடது ஆறு'. ஆற்றுக்கு நடுவில் சின்னத் தீவில் ஐந்து அடுக்குக் கோபுரம் ஒன்று சாய்ந்து நிற்கும், 1621-இல் கட்டியது. நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் ஈடு கொடுக்கத்தான் சாய்த்தே கட்டினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அருவியைப் பார்க்காதீர்கள், ஹுவாஷான் பாறை ஓவியத்தைப் பாருங்கள். நிங்மிங் வட்டாரத்தில், படகில் போக வேண்டும். இரண்டு பக்கமும் மூங்கிலும் குன்றுமாகப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு வளைவு திரும்பியதும் கரையிலிருந்து எழும் பாறை முழுக்கச் சிவப்பு. சுமார் 170 மீட்டர் அகலம், 40 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 1900 உருவங்கள். எல்லாரும் இரண்டு கையையும் மேலே தூக்கி, முழங்காலை மடித்து, தவளை மாதிரி நிற்கிறார்கள். நடுவில் இடுப்பில் வாளோடு பெரிய ஆள், காலடியில் நாய், பக்கத்தில் வட்டமாக வெண்கல முரசு. சிலது நம்மை விட உயரம். ஆற்றோரமாக இப்படி 38 இடங்கள், கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வரை, ஜுவாங் மக்களின் முன்னோர்களான லுவோயுவே மக்கள் வரைந்தவை. 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாம் கீழடி காலம் என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அதே காலம். காவிக்கல் பொடிதான் அந்தச் சிவப்பு. அவ்வளவு உயரத்தில் எப்படி வரைந்தார்கள், கயிறு கட்டி இறங்கினார்களா, சாரம் போட்டார்களா, வெள்ளம் ஏறினபோது படகில் நின்றார்களா என்று அறிஞர்களிடையே இன்னும் வாதம். மேலூர்ப் பக்கம் கருங்காலக்குடிப் பாறையில் ஏறி ஓவியத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தின் அருமை சட்டென்று புரியும். படகு வேகத்தைக் குறைத்தவுடன் போனை எடுக்காதீர்கள், முதலில் கண்ணால் பாருங்கள். கண் பழகப் பழகத்தான் மங்கின உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அடுத்து குரங்கு. சிரிக்காதீர்கள். வெண்தலை லங்கூர் என்கிற அந்தக் குரங்கு உலகத்திலேயே குவாங்சியின் இந்தச் சுண்ணாம்புக் குன்றுகளில்தான் இருக்கிறது, மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். உடம்பு கறுப்பு, தலை வெள்ளை, குட்டி மட்டும் தங்க நிறம். 1996-இல் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் பான் வென்ஷி இங்கே வந்து தங்கி ஆராய்ச்சி தொடங்கினார். பக்கத்துக் கிராமங்கள் விறகுக்காக மலையை வெட்டினால்தான் குரங்குக்கு ஆபத்து என்று, முதலில் அவர்களுக்குச் சாண எரிவாயு அடுப்பு கிடைக்க வழி செய்தார். குரங்குகள் பகலில் இலை தின்றுவிட்டு, பொழுது சாயும்போது பாறைக் குகைகளில் தூங்க வரும், அதனால் மாலையில் போங்கள், பைனாகுலர் எடுத்துப் போங்கள். அழகர்கோயில் குரங்கு மாதிரி பையைப் பிடுங்க வராது, நீங்கள்தான் அவற்றைத் தேட வேண்டும்.

அருவிக்கு வருவோம். பெயர் தெதியான், வியட்நாம்காரர்களுக்கு பான் ஜியோக், பாதி அவர்களுடையது. மூன்று அடுக்காக 70 மீட்டர் அளவு இறங்கும், அகலம் 200 மீட்டர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குற்றாலம் மாதிரி தலையைக் கொடுக்க முடியாது, மிதவையில் பக்கத்தில் போய் நனைந்து வரலாம், அவ்வளவுதான். நகரத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்புவது மடத்தனம், பயணத்திலேயே நாள் போய்விடும். வழியில் மிங்ஷி என்ற இடத்தில் வயலுக்கும் குன்றுக்கும் நடுவில் தங்கும் வீடுகள் உண்டு, அங்கே ஒரு இரவு தங்குங்கள். காலையில் எருமை ஓட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும். எல்லைப் பகுதி என்பதால் சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள், பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும்.

நேரம் மிஞ்சினால் பிங்சியாங் பக்கம் நட்புக் கணவாய், 1885-இல் பிரெஞ்சுப் படையை சீனர்கள் தோற்கடித்த இடம். வரலாற்றுப் பிரியர்கள் போகலாம், மற்றவர்கள் விட்டால் நஷ்டமில்லை.

சாப்பாடு. சைவர்களுக்குச் சொல்கிறேன், அரிசி நூடுல்ஸைப் பார்த்து இடியாப்பம் மாதிரி இருக்கிறதே என்று மயங்காதீர்கள், கீழே இருக்கும் சாறு பன்றி எலும்பு. "இறைச்சி, மீன், எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்" என்று சீனத்தில் மொழிபெயர்த்துப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுங்கள், 'சைவம்' என்ற ஒரு சொல் போதாது. பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, டோஃபு, வெறும் சோறு எங்கும் கிடைக்கும், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டை. பருப்புப்பொடி எடுத்துப் போவதில் வெட்கம் வேண்டாம். அசைவக்காரர்கள் எலுமிச்சை வாத்து கேளுங்கள், உப்பில் ஊறின எலுமிச்சையும் மிளகாயும் இஞ்சியும் போட்டுச் சமைப்பது, நம் நாக்குக்கு அப்படியே உட்காரும். சாயங்காலம் தள்ளுவண்டியில் மாங்காய், கொய்யாவை வெட்டி மிளகாய்ப்பொடி, உப்பு தூவித் தருவார்கள், அந்த வண்டி முன் நிற்கும்போது பள்ளிக்கூட வாசல்தான். திருவிழா நாளில் ஐந்து நிறப் புட்டரிசிச் சோறு, கறுப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் இலையும் பூவும் ஊறவைத்த சாயம்.

ஜுவாங் மொழி சீனம் இல்லை, தாய்லாந்து மொழிக்கு உறவு. வயலுக்கு அவர்கள் சொல் 'நா', ஊர்ப் பெயர்களில் அடிக்கடி வரும், நம் பக்கம் ஏந்தல், குளம் என்று முடிகிற மாதிரி. நான்காம் மாதம் எட்டாம் நாள் மாட்டுக்கு நுகத்தை அவிழ்த்து, குளிப்பாட்டி, நிறச்சோறு ஊட்டுகிறார்கள். உடன் வந்த படகுக்காரரிடம் நம் மாட்டுப் பொங்கல் படத்தைப் போனில் காட்டினேன், கொம்புக்கு ஏன் வண்ணம் அடிக்கிறீர்கள் என்று சைகையில் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வாங்கி வர லோங்ஜோ ஊரின் பனை மாவு நன்றாக இருக்கும், சுடுதண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் குடிப்பது. கரும்பு ஊர் என்பதால் வெல்லமும் உண்டு, ஆனால் சுமந்து வந்தால் அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். பெரியப்பாவுக்கு நான் கொண்டுவந்தது ஒரு யுவான் நோட்டு. பின்பக்கம் சின்ன எழுத்தில் நான்கு மொழி இருக்கும், அதில் ஆங்கிலம் மாதிரி தெரிவதுதான் ஜுவாங். அவர் கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, அதில் தமிழ் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார்.