ஆறு மாத ஊசியும் ஒரு 'பரவாயில்லை'யும்

போன கிழமை எங்கள் பார்மசியில் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "பரவாயில்லை அம்மா, அடுத்த மாதம் போட்டால் போதும்." எந்த மருந்து என்று கேட்டேன். டெனோசுமாப் என்றார், எலும்புப்புரைக்குப் போடும் ஆறு மாத ஊசி. திருகோணமலையில் இத்தனை வருடமாக மருந்து கொடுக்கிறேன். அதே சொல்லை நானும் ஒருகாலம் சொன்னவன்தான். எலும்புப்புரை மருந்து கொடுக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இது. கிழமைக் குளிசையைத் தினமும் என்று எழுதிக்கொடுப்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த பிழைகளை விட்டுவிடுகிறேன்.

ஊசியையும் குளிசையையும் ஒன்றாக நினைப்பது

எலும்பு நாளாந்தம் கரைகிறது, நாளாந்தம் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கும் செல்களின் கை ஓங்கினால் எலும்பு புரையோடும். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் குளிசை எலும்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கரைக்க வரும் செல் அதையும் சேர்த்து விழுங்கிச் செயலிழக்கும். வருடக்கணக்கில் எலும்பில் தங்குவதால்தான், ஐந்து வருடம் குடித்த, முறிவு ஆபத்துக் குறைந்தவர்களுக்கு டொக்டர்கள் கொஞ்சக்காலம் நிறுத்தி வைக்கிறார்கள்.

டெனோசுமாப் அப்படியல்ல. கரைக்கும் செல்கள் முதிர்வதற்கு வேண்டிய ஒரு புரதத்தை இந்த ஊசி பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். எலும்பில் எதுவும் தங்காது. 60 மில்லிகிராம், 6 மாதத்துக்கு ஒரு தடவை. தவணை தப்பினால் பிடி விட்டுப்போகும். அடங்கிக் கிடந்த கரைப்பு முன்பிருந்ததை விட வேகமாகத் தொடங்கும். சேர்ந்த எலும்பு ஓரிரு வருடத்தில் போய்விடும். சிலருக்கு அதற்குள்ளேயே முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றல்ல, இரண்டு மூன்றாக நொறுங்கும்.

2022இல், பெற்றோல் வரிசைக் காலத்தில், சம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் அழைத்தார். "தம்பி, பஸ்சும் இல்லை, பெற்றோலும் இல்லை. பிறகு வரட்டே?" நான் சொன்னேன்: "பரவாயில்லை அம்மா, வசதிப்படும்போது வாங்கோ." அந்தப் 'பிறகு' ஐந்து மாதமானது. கிணற்றடியில் வாளி தூக்கும்போது முதுகு பிடித்ததாம். எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்தபடி, நிமிர முடியாமல் கவுண்டரில் நின்றார். இரண்டு எலும்புகள் அமுங்கியிருந்தன. அவருக்கான ஊசி அந்த ஐந்து மாதமும் எங்கள் குளிர்ப்பெட்டியில்தான் இருந்தது. யார் மூலமாவது அனுப்ப வழி தேடியிருக்கலாம், எனக்குத் தோன்றவேயில்லை. இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது, முதலில் என் மீதே.

ஆகவே ஊசி கொடுக்கும்போதே அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியின் மட்டையில் பெரிதாக எழுதுங்கள். பிந்தும் போலிருந்தால் உடனே டொக்டருக்குச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போகவே விடக்கூடாது. நிறுத்துவதென்றாலும் சும்மா நிறுத்த முடியாது. அலென்ட்ரோனேட்டோ, நாளத்தில் ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலமோ பின்னால் வரவேண்டும். அதை டொக்டர்தான் முடிவுசெய்வார். நம்முடைய வேலை, அவரிடம் கேட்காமல் நிறுத்தவேண்டாம் என்று சொல்வது.

தம்பி அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தார். தவணை கடந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அப்பாடா.

'வெறும் வயிறு' என்று சொல்லி நிறுத்துவது

எங்கள் ஊரில் விடியத் தேத்தண்ணி குடித்தவரும் வெறும் வயிறு என்றுதான் சொல்வார். அலென்ட்ரோனேட் உடம்பில் ஏறுவதே நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. தேத்தண்ணியோ பாலோ சேர்ந்தால் அதுவும் குறைந்துபோகும். "பிளேன்ரீயும் கூடாது, தண்ணீர் மட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குடித்து அரை மணி நேரம் படுக்கவும் கூடாது. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் புண்ணாகும்.

கல்சியம்

கல்சியம் குளிசையை அலென்ட்ரோனேட்டோடு ஒரே நேரத்தில் குடிக்க வேண்டாம். சிறுநீரக நோயாளிக்கு டெனோசுமாப் எழுதியிருந்தால், இரத்தத்தில் கல்சியம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஐஸ்

ஊசி இருக்கவேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸில். ஐஸ்கட்டியோடு ஒட்ட வைத்து மூதூருக்கு அனுப்பாதீர்கள். உறைந்த ஊசி குப்பைக்கு.

பல்

பிடுங்க இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே.