செடி வளரும் மீன் தொட்டிக்கு அடிமண்: காசைக் கரைக்கும் தவறுகள்

கிராவலை (சிறு கூழாங்கல்லை) கழுவாமல் கொட்டுவது, சாயம் பூசிய கல்லை வாங்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். ஒரு முறை பட்டால் யாரும் மறுபடி செய்வதில்லை. செய்தது தவறு என்றே தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்கிறவைதான் காசைத் தின்கின்றன.

கடின நீரில் அக்வா சாயில்

வழக்கமாக இப்படித்தான் நடக்கும். சென்னை கொளத்தூரில் ஒரு மீன் கடையில் ஒருவர் இரண்டடித் தொட்டி வாங்குகிறார், கூடவே 9 லிட்டர் அக்வா சாயில் பை ஒன்று. வீட்டில் போர் தண்ணீர். முதல் மாதம் பிஹெச் (அமில–கார அளவு) 6.5, செடிகள் தளதளவென்று வருகின்றன. நாலாவது மாதம் பிஹெச் 7.8. ரோட்டாலா செடியின் நுனி சுருங்குகிறது. உரம் போதவில்லை என்று யாரோ சொல்ல, உர பாட்டில் வருகிறது. பின்னாலேயே பாசி வருகிறது. அப்புறம் பாசிக்கு மருந்து. மண்ணை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை, வாங்கியதிலேயே விலை கூடியது அதுதானே!

அக்வா சாயில் என்பது மட்கு கலந்த களிமண்ணை உருண்டையாக்கிச் சுட்டது. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். அது பைகார்பனேட்டை உடைப்பதால் கேஹெச் (டிகிரியில் சொல்லும் கார்பனேட் கடினத்தன்மை) இறங்கும், கூடவே பிஹெச்சும். இந்தப் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. நிறைந்துவிட்டால் அது வெறும் விலை உயர்ந்த கிராவல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60×30×36 செ.மீ. தொட்டியில் மண், கல் போக ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். பாதி மாற்றினால் 25 லிட்டர். கேஹெச் 12 என்றால், ஒவ்வொரு முறையும் கால்சியம் கார்பனேட் கணக்கில் 5.4 கிராம் காரத்தன்மையை உள்ளே ஊற்றுகிறீர்கள். புது சாயில் அமோனியா விடும் என்பதால் முதல் வாரம் தினமும் தண்ணீர் மாற்றச் சொல்வார்கள், அது சரியான யோசனைதான். ஆனால் போர் தண்ணீரில் அதைச் செய்தால் ஏழு வாரச் சுமை ஏழே நாளில் மண்ணில் ஏறிவிடும். மென்னீரில் ஒன்றரை, இரண்டு வருடம் தாங்கும் மண் சில மாதங்களில் படுத்துவிடுவது இப்படித்தான்.

எனவே பையை வாங்கும் முன் கேஹெச் டெஸ்ட் கிட் வாங்குங்கள். சொட்டு மருந்து வகையில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து, நீலம் மஞ்சளாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். அது உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், கேஹெச்சைக் காட்டாது. உப்பு போட்டு இயங்கும் வாட்டர் சாஃப்ட்னரும் உதவாது: கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தரும், கேஹெச் அப்படியே இருக்கும்.

கேஹெச் 4 வரை கவலையில்லை. அதற்கு மேலே போனால் ஆர்ஓ தண்ணீர் கலக்க வேண்டும். 12-ஐ 2-க்குக் கொண்டுவர ஒரு பங்கு போர் தண்ணீருக்கு ஐந்து பங்கு ஆர்ஓ. அப்போது ஜிஹெச்சும் (கால்சியம், மெக்னீசியத்தின் மொத்த அளவு) விழுந்துவிடும். கால்சியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் சேர்த்து 4-க்குக் கொண்டுவாருங்கள். பேக்கிங் சோடா போடக் கூடாது, அது கேஹெச்சைத்தான் ஏற்றும்.

முதல் வாரம் தினமும் 21 லிட்டர் ஆர்ஓ பிடிக்க வழியில்லையா? அக்வா சாயிலே வேண்டாம். 2–3 மி.மீ. கிராவல், 10–15 செ.மீ. இடைவெளியில் ரூட் டேப் (வேரடியில் புதைக்கும் உர மாத்திரை), செடிகளுக்கு வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரின் வென்டி, அமேசான் ஸ்வார்டு. வாலிஸ்நேரியா பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். உங்கள் போர் தண்ணீர் அதற்கு விருந்து.

சாயிலை அலசுவது

கூடாது. உருண்டை உடைந்தால் சேறு.

கிலோவில் கேட்பது

தேவை கன அளவு, எடை அல்ல. நீளம் × அகலம் × சராசரி உயரம், செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். முன்னால் 4, பின்னால் 8 என்று சரித்தால் சராசரி 6. அதே தொட்டிக்கு 10.8 லிட்டர். ஒரு பை போதாது. மணலென்றால் 16–17 கிலோ.

செம்மண்ணில் எரு கலப்பது

மண்ணுக்கு மேல் மணல் மூடும் முறை மலிவானது, நன்றாகவும் வேலை செய்யும். மண் 2.5 செ.மீ., மேலே 1–2 மி.மீ. மணல் 3 செ.மீ. போதும். ஆனால் மாட்டுச் சாணமோ மண்புழு உரமோ கைப்பிடி சேர்க்கும் ஆசைதான் கெடுக்கிறது. மூடிய மணலுக்கடியில் அது மட்கும்போது அமோனியாவும் வரும், காற்றில்லாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். கண்ணாடியோரம் கருந்திட்டு தெரிந்து, குச்சியால் குத்தினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஒரே நாளில் முழுதும் கிளறிவிடாதீர்கள், மீன் செத்துப்போகும். வாரத்துக்கு ஒரு மூலையாகக் குத்திவிட்டு, அன்றே தண்ணீர் மாற்றுங்கள்.

எம்-சாண்ட்

கட்டடத்துக்கு. தூசு அடங்காது, கூர் முனை அடிமண்ணில் மேயும் கோரிடோராஸ் மீனின் மீசையைத் தேய்த்துவிடும்.

வெள்ளைக் கல்லை நம்புவது

பளிங்குச் சில்லு, கிளிஞ்சல், சுண்ணாம்புக் கல் எல்லாம் கரைந்து கேஹெச்சை ஏற்றும். ஆர்ஓ பிடித்து இறக்கியதை இவை திரும்ப ஏற்றிவிடும். காய்ந்த கல்லில் வினிகர் விட்டால் சில வகைகள் நுரைக்காமல் ஏமாற்றும். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கையுறை போட்டு, திறந்த வெளியில். நுரைத்தால் அந்தக் கல் தோட்டத்துக்கு.