எல்லோஸ்டோன் குளிர்கால ட்ரிப்: ரேவன் கிட்டருந்து சாப்பாட்டைப் பத்திரமா வச்சுக்கறது எப்படி?

குளிர்காலத்துல அமெரிக்காவுல இருக்கற எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போறவங்க கோட்டு, பூட்ஸ், கிளவுஸ்னு எல்லாத்தையும் பாத்துப் பாத்து வாங்குறாங்க, ஆனா மத்தியானச் சாப்பாட்டை எங்க வைக்கப்போறோம்னு யோசிக்கிறதே இல்ல. அங்க ரேவன்னு ஒரு பறவை இருக்கு, நம்ம காக்கா குடும்பம்தான், ஆனா ரெண்டு அடி நீளம் வரும், ஸ்நோமொபைல்ல (பனி மேல ஓட்டற பைக் மாதிரி வண்டி) மாட்டியிருக்கற பையோட ஸிப்பைத் திறந்து உள்ள இருக்கறதை எடுத்துட்டுப் போயிடும். பார்க் நிர்வாகமே இதைப் பத்தி எச்சரிக்கை கொடுக்கறாங்க. முதல் தடவை போறவங்க இதை வரிசையா செஞ்சுட்டு வந்தா போதும்.

ஸ்டெப் 1: எங்க கவனமா இருக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க

டிசம்பர் நடுவுலேருந்து மார்ச் நடு வரைக்கும் பார்க்குள்ள பெரும்பாலான ரோட்டுல கார் போக முடியாது, வடக்கு வாசல்லேருந்து குக் சிட்டி போற ரோடு மட்டும்தான் காருக்குத் திறந்திருக்கும். மத்த இடத்துக்கெல்லாம் ஸ்நோமொபைல், இல்லன்னா ஸ்நோகோச், அதாவது பனியில ஓடற பஸ். வெஸ்ட் எல்லோஸ்டோன் ஊர்ல கிளம்பினா ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று வரைக்கும் சுமார் 48 கிலோமீட்டர், நடுவுல மேடிசன்ல நிறுத்துவாங்க. வண்டியை வரிசையா நிறுத்திட்டு எல்லாரும் ஊற்று பொங்குறதைப் பாக்கப் போயிடுவோம், அது பொங்கறதுக்கு நடுவுல சராசரியா ஒன்றரை மணி நேர இடைவெளி இருக்கு, அதனால காத்திருக்கவே நேரம் போயிடும். ஆள் இல்லாத அந்த நேரம்தான் ரேவனுக்கு வசதி.

ஸ்டெப் 2: ஆளை அடையாளம் கண்டுபிடிங்க

உடம்பு முழுக்கக் கருப்பு, அலகு தடிமன், கழுத்துக்கு அடியில இறகு தாடி மாதிரி சிலும்பி நிக்கும். பறக்கும்போது வாலைப் பாருங்க, நடுவுல கூம்பா நீண்டு ஆப்பு மாதிரி தெரியும். குரல் அடித்தொண்டையிலேருந்து கரகரன்னு வரும்.

ஸ்டெப் 3: பேக்கிங்கை ரூம்லயே முடிச்சுடுங்க

இதுதான் இருக்கறதுலயே முக்கியம், ஏன்னா ரேவன் மூக்கை விட கண்ணைத்தான் நம்பும். இந்தப் பறவைங்க மிச்சச் சாப்பாட்டைப் பனியிலயும் மண்ணுலயும் ஒளிச்சு வைக்கும், இன்னொரு ரேவன் எங்க ஒளிச்சுதுன்னு பாத்து வச்சு அதைத் திருடவும் செய்யும். 2016ல தாமஸ் பக்ன்யார்ங்கற விஞ்ஞானியோட குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, அதுல ஒரு ரேவனுக்குப் பக்கத்து அறையிலேருந்து வேற ரேவனோட சத்தம் கேக்குது, நடுச்சுவர்ல இருக்கற சின்ன ஓட்டையும் திறந்திருக்குன்னா, அந்தப் பக்கம் ஒரு பறவையும் இல்லாதப்பகூட யாரோ பாக்கறாங்கங்கற மாதிரி உஷாரா ஒளிச்சு வச்சுது. இவ்வளவு நுணுக்கமா யோசிக்கற பறவை முன்னாடி நீங்க பார்க்கிங்ல நின்னுக்கிட்டு சாண்ட்விச்சை எடுத்து சைடு பையில போட்டீங்கன்னா முடிஞ்சுது கதை.

அதனால எந்தப் பையில என்னன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. சப்பாத்தி ரோலோ புளியோதரையோ, நாலு பக்கமும் கிளிப் இருக்கற டப்பாவுல போட்டு, வண்டியில பூட்டுப் போடற மாதிரி கெட்டியான பெட்டி இருந்தா அதுக்குள்ள வைங்க. வண்டி வாடகைக்கு எடுக்கும்போதே பூட்டு இருக்கான்னு கேட்டுடுங்க. எனர்ஜி பார், பாதாம் இதெல்லாம் கோட்டு உள்பாக்கெட்ல இருக்கட்டும், பறவைக்கும் எட்டாது, குளிர்ல கல்லு மாதிரி இறுகவும் இறுகாது.

ஸ்டெப் 4: துணிப் பையை நம்பாதீங்க

ஸிப் நுனியில ஒரு சின்ன நாடா தொங்கும் பாருங்க, அதை அலகால கவ்வி இழுக்கும், கொஞ்சம் திறக்கும், காலை மாத்தி வச்சு மறுபடி இழுக்கும். வெல்க்ரோன்னா இன்னும் சுலபம், மூடியோட ஓரத்துல அலகை விட்டுத் தூக்கினாலே பரபரன்னு பிரிஞ்சுடும், பிரஸ் பட்டனும் அப்படித்தான். உள்ள கிளவுஸ், தொப்பி இருந்தா ஒவ்வொண்ணா இழுத்துப் பனியில போட்டுட்டு அடியில இருக்கற சாப்பாட்டுக்குப் போகும். ரெண்டு ஸிப் நுனியையும் சின்ன கேரபைனர் (ஸ்பிரிங் வச்ச கொக்கி) போட்டுச் சேத்து மாட்டினா கொஞ்சம் தாமதமாகும், ஆனா வெளிய தொங்கற பையில சாப்பாடே வைக்காம இருக்கறதுதான் சரி. சிப்ஸ் கவர், ஆரஞ்சுத் தோல், குப்பைக் கவர் எல்லாத்துக்கும் இதே ரூல்தான்.

ஸ்டெப் 5: சாப்பிடறதை உள்ள வச்சுக்கோங்க

மேடிசன் மாதிரி இடத்துல குளிர்காயற குடில் இருக்கும், அங்க உக்காந்து சாப்பிடுங்க. பக்கத்துல ரேவன் வந்து தலையைச் சாய்ச்சுப் பாத்தா பாவமா இருக்கும், எனக்கும் அந்தப் பறவை மேல கொள்ளைப் பிரியம், ஆனா தயவுசெஞ்சு ஒரு பருக்கைகூடப் போடாதீங்க. அங்க எந்த விலங்குக்கும் தீனி போடறது சட்டப்படி குத்தம், பறவைங்க கிட்டருந்தும் 23 மீட்டர் தள்ளித்தான் நிக்கணும், அதுவா கிட்ட வந்தா நீங்க நகருங்க. அதுக்குப் பட்டினியும் கிடையாது, 1995ல ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதுலேருந்து ஓநாய் அடிச்சுப் போடற எல்க் மான் இறைச்சி குளிர்காலம் பூரா அதுக்குக் கிடைக்குது, வேட்டைக்குப் போற ஓநாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்தே போகும்.

ஸ்டெப் 6: ஏற்கனவே வண்டி மேல உக்காந்திருந்தா

ஓடிப்போய் விரட்டாதீங்க, கல்லு, பனிக்கட்டி எறியவே கூடாது. சாதாரணமா பேசிக்கிட்டே வண்டி பக்கம் நடந்து போனாலே பெரும்பாலும் எழும்பிப் போயிடும். அதுக்கப்புறம் சுத்தி விழுந்து கிடக்கற கவர், பேப்பர் எல்லாத்தையும் பொறுக்குங்க, பனிக்குள்ள புதைஞ்சு கிடக்கறதையும் கையை விட்டுப் பாருங்க, பிளாஸ்டிக் அதோட வயித்துல போயிடக் கூடாது. உங்க கைடு கிட்ட எந்த இடம்னு சொல்லிடுங்க, பக்கத்துல நிக்கற வண்டிக்காரங்களையும் பையை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, ஒரு வண்டியில கிடைச்சுதுன்னா அடுத்த வண்டிக்கும் போகும்.