நிலாவா, முகமூடியா? கொரியன் கற்பவர்களுக்கு ஒரு குறிப்பு

நிலா, முகமூடி, மகள் ஆகிய மூன்றுக்கும் உள்ள கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் 'தால்' என்றுதான் எழுத முடியும். மகளைக் கண்டுபிடிப்பது எளிது. தொண்டையை இறுக்கி, காற்று வராமல் சொல்வார்கள். மற்ற இரண்டும்தான் படுத்தும். காற்று அதிகம் வந்தால் முகமூடி, குறைந்தால் நிலா என்பது வழக்கமான பாடம். ஆனால் சியோல் இளைஞர்களின் பேச்சில், சொல்லின் தொடக்கத்தில், இரண்டிலும் காற்று ஏறக்குறைய ஒரே அளவுதான். வாய்க்கு முன்னால் காகிதம் பிடித்துப் பார்ப்பது அங்கே பெரிதாக உதவாது.

மெய்யை விடுங்கள், அடுத்து வரும் உயிரின் சுருதியைக் கேளுங்கள். தாழ்ந்து தொடங்கினால் நிலா, உயர்ந்து தொடங்கினால் முகமூடி. பேசும்போதும் அப்படியே செய்யுங்கள். இது தொடரின் தொடக்கத்துக்கு மட்டும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் நிலாவின் 'த', நம் 'பாதம்' போலக் குழைந்துவிடும். தமிழருக்கு அது தானாகவே வரும்.

சரி, தென்கொரியாவின் தென்கிழக்கில், பூசான், தேகு நகரங்கள் பக்கம்? அந்தக் கியோங்சாங் வட்டார வழக்கில் 'மால்' என்பது குதிரையா பேச்சா என்பதையே சுருதிதான் சொல்கிறது. (15ஆம் நூற்றாண்டில் கொரிய எழுத்துகளுக்கு இடப்பக்கம் புள்ளி வைத்துச் சுருதியைக் குறித்தார்கள், அந்தப் பழைய சுருதி வேறுபாட்டின் எச்சம் இது.) சுருதிக்கு அங்கே ஏற்கெனவே வேலை இருப்பதால், மெய்களைப் பிரிக்கக் காற்றின் அளவு இன்னும் தேவைப்படுகிறது, குறிப்பாகப் பெரியவர்கள் பேச்சில். பூசான்காரர் பேசினால் காகிதத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.