மலைக்குத் திட்டம் கொண்டுபோகும் முன்: பழங்குடி விவசாயத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. ஏன் இப்படி ஆனது என்று கீழே நாமக்கல்லில் கேட்டால், "காசு வருதுன்னு மாறிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காசு ஒரு காரணம்தான். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். ரோடு வந்தபின் லாரி மேலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. ரேஷனில் அரிசியும் கிடைக்கிறது. ஆனால் வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் கேட்டால் இன்னொரு காரணம் வரும்: உலக்கை.

சாமையின் உமி லேசில் விடாது. உரலில் போட்டு இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். குத்தியதை முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் போட்டு, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பகல் முழுக்கக் காட்டு வேலை செய்துவிட்டு வந்த உடம்பு அது. மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டால் இந்த வேலையே இல்லை. சாமையை விட்டது அறியாமையால் அல்ல. உடம்பு போட்ட கணக்கு அது.

1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கணக்கைக் கண்டுகொண்டது. விதை வங்கி, விற்பனை என்று பல வேலைகளைச் செய்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, உமி நீக்கும் சிறிய மெஷின்களை ஊரிலேயே வைத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கையில் கொடுத்ததுதான். சாமை சத்தானது, வறட்சியைத் தாங்கும் என்று சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டியிருந்தாலும் அந்தப் பெண்களுக்கு அதில் புதுச் செய்தி எதுவும் இருந்திருக்காது.

பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் விவசாயம் என்று மலைக்குப் போகும் திட்டங்களில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அந்த மக்கள் ஒன்றைச் செய்தாலும் சரி, விட்டாலும் சரி, பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கேட்காமலேயே தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு நாம் மலையேறுகிறோம். மலைக்கிராமத் திட்டங்களில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். கீழே எழுதியிருப்பவற்றில் சில, நானும் சேர்ந்து செய்த தவறுகள்.

பதினோரு மணிக் கூட்டம்

ஒரு மலைக்கிராமத்தில் நடந்த முதல் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை பதினோரு மணி. ஜீப்பில் போனோம். சமுதாயக் கூடத்தில் இருபது இருபத்தைந்து பேர், பெரும்பாலும் வயதான ஆண்கள். டீ, பிஸ்கட், வருகைப் பதிவேடு. திட்டத்தை அரை மணி நேரம் விளக்கினோம். "எல்லோருக்கும் சம்மதமா?" என்றபோது "சரிங்க சார்" என்றார்கள். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம்.

அந்த நேரத்தில் பெண்கள் களையெடுப்பில் இருந்தார்கள். இளைஞர்கள் கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். விதையைப் பொறுக்கி வைப்பவர்களும், நாளை அந்த நிலத்தை ஓட்டப் போகிறவர்களும் அந்தக் கூடத்தில் இல்லை. அப்புறம், அந்தச் "சரிங்க" இருக்கிறதே, அதற்கு நாங்கள் எழுதிக்கொண்ட அர்த்தம் வேறு, அவர்கள் சொன்ன அர்த்தம் வேறு. வீட்டுக்கு வந்த ஆளின் மனம் கோணாமல் அனுப்பிவைக்கும் சொல் அது. இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கு அது விளங்கியது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இந்த விஷயத்தில் தெளிவானவை. கிராம சபைக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். விவசாயத் திட்டத்தை அந்த விதி கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனாலும் அதை அளவுகோலாக எடுத்துக்கொள்வதில் என்ன குறை? ஐ.நா.வின் 2007-ஆம் ஆண்டுப் பழங்குடி உரிமைப் பிரகடனம் கேட்பதும் இதைத்தான்: முன்கூட்டியே, முழு விவரத்தோடு, வற்புறுத்தல் இல்லாத சம்மதம். இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடு.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழங்குடிப் பகுதிகளைத் தனியாக நிர்வகிக்க வழிசெய்யும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் எந்தப் பகுதியும் இங்கே அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதி கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஒரு ஊராட்சியில் பல குக்கிராமங்கள் சேர்ந்திருக்கும். அதில் பத்து இருபது இருளர் வீடுகளின் குரல் ஊராட்சிக் கூட்டத்தில் எழாமலேயே போய்விடும். எனவே கூட்டத்தைக் குக்கிராமம் குக்கிராமமாக, அடுப்பு வேலை முடிந்த இரவு நேரத்தில் நடத்துங்கள். ஜீப்பைக் கீழே அனுப்பிவிட்டு அங்கேயே தங்குங்கள். முதல் கூட்டத்தில் எந்தக் கையெழுத்தும் வாங்காதீர்கள். "வேண்டாம்" என்று ஒரு ஊர் சொன்னால், அதையும் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பும் துணிவு நமக்கு வேண்டும்.

யாருடைய காடு?

"காடு" என்ற சொல்லை வைத்தே பாதிக் குழப்பம். அதிகாரி காடு என்றால் வனம். மலையில் காடு என்றால் பெரும்பாலும் பயிர் செய்யும் நிலம்: ஏர் ஓடுவது உழவுக்காடு, ஏர் ஏறாத சரிவில் களைக்கொத்தால் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. தலைமுறை தலைமுறையாக விதைத்த கொத்துக்காடு வனத்துறை ஆவணத்தில் காப்புக்காடாக இருக்கலாம்.

திட்டத்தில் பயனாளிப் பட்டியல் தயாரிக்கும்போது முதலில் கேட்பது பட்டா நகல். அந்த ஒரு வரியிலேயே உண்மையில் உதவி தேவைப்படும் வீடுகள் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. பட்டா இல்லாதவருக்குச் சொட்டுநீர் மானியம் இல்லை, பயிர்க் காப்பீட்டுக்கும் அலைச்சல்தான். மழை தவறும் வருடத்தில் முதலில் ஊரை விட்டுக் கூலிக்குக் கிளம்புவதும் அந்த வீடுதான். வன உரிமைச் சட்டத்தின்படி 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்க வழியிருக்கிறது. அந்த உரிமையை விற்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும். திட்டப் பணத்தில் ஒரு பகுதியை முதல் வருடத்தில் இந்த மனுக்களுக்காகச் செலவழிப்பது, நாற்று வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய வேலை. நிலம் தன்னுடையது என்று ஆகாதவரை யார் கல் வரப்புப் போடுவார், யார் மரம் வைப்பார்?

சாதிச் சான்றையே சல்லடையாக்குவதும் இதே தவறுதான். மலையாளி என்ற மலைவாழ் மக்கள் (கேரளத்தவர் அல்ல) சேலம், தருமபுரி, நாமக்கல் பகுதிகளில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர், பர்கூர் மலைகளில் வாழும் மலையாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் பட்டியல் மாவட்டக் கணக்கில் எழுதப்பட்டது. அதே பெயர், அதே வாழ்க்கை, ஆனால் சான்று இல்லை. பட்டியலில் இருக்கும் இருளர்களுக்கே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து கால் ஓய்ந்துபோகிறது. திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்பதை ஊரை வைத்து முடிவு செய்யுங்கள், காகிதத்தை வைத்து அல்ல.

ஒரு ஏக்கர் தோப்பு

குஜராத்தின் வான்ஸ்டா பகுதியில் 1982-இல் பைஃப் (BAIF) என்ற தொண்டு நிறுவனம் பழங்குடிக் குடும்பங்களோடு தொடங்கிய "வாடி" என்ற சிறுதோப்பு முறை நல்ல முறைதான். ஒரு ஏக்கர் அளவில் மா, முந்திரி போன்ற மரங்கள், ஊடுபயிர், சுற்றிலும் உயிர்வேலி. 2003-04 முதல் நபார்டு வங்கி பழங்குடி மேம்பாட்டு நிதி வழியாக இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தவறு முறையில் இல்லை, அதை அப்படியே தூக்கி வைப்பதில் இருக்கிறது.

இரண்டு ஏக்கர் மட்டுமே உள்ள வீட்டில் ஒரு ஏக்கர் மா வைத்தால், அந்த வீட்டின் கேழ்வரகு எங்கே போகும்? மரம் காய்க்க நாலைந்து வருடம் ஆகும். அதுவரை என்ன சாப்பிடுவது? முதல் இரண்டு மூன்று கோடையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் ஊற்றிலிருந்து குடத்தில் வருகிறது. குடம் யார் இடுப்பில் இருக்கிறது என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதுவதில்லை. காய்ந்துபோன கன்றுகளை "பராமரிப்புக் குறைவு" என்று எழுதுவோம். அது குறைவே அல்ல. வீட்டுக்குத் தண்ணீரா, மாங்கன்றுக்குத் தண்ணீரா என்று வந்தபோது அந்தப் பெண் சரியான முடிவை எடுத்தார்.

ஒரே ரகத்தை மூட்டையில் கொண்டுபோவது

இதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். கொல்லிமலையில் சாமை என்று ஒன்று இல்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திருகுலாச் சாமை என்று பல உண்டு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஒன்று மண் மெலிந்த சரிவிலும் வரும், ஒன்றுக்குச் சற்று வளமான காடு வேண்டும். மழை பிந்தினால் எதை விதைப்பது என்பதற்கு அந்த வீட்டில் பதில் இருக்கிறது, விதை கையில் இருக்கும்வரை. கேழ்வரகுக்கு நடுவே துவரை, அவரை, கடுகு என்று கலந்து விதைப்பதும் அப்படித்தான். ஒன்று போனாலும் இன்னொன்று வீட்டுக்கு வரும். நாம் பருவநிலையைத் தாங்கும் விவசாயம் என்று புதிதாகப் பெயர் வைத்திருப்பதில் முக்கால்வாசி இதுதான்.

ஒரு மூதாட்டி தன் வீட்டு அட்டாலியிலிருந்து ஒரு சுரைக்குடுக்கையை இறக்கிக் காட்டினார். வாயைத் துணியால் கட்டி, சாணி பூசி அடைத்திருந்தது. சாம்பல் கலந்த கேழ்வரகு விதை. உள்ளங்கையில் கொட்டி, கதிரின் நடுப்பகுதியிலிருந்து எடுத்தது இது, நுனி விதை ஆகாது என்றார். எங்கள் ஜீப்பில் அன்று இருந்தது ஒரே ரகம், ஒரே அளவுப் பொட்டலம், ஆளுக்கு ஐந்து கிலோ. விளைச்சல் கூடுதல் என்பது பொட்டலத்தில் அச்சடித்திருந்தது. நல்ல மழை வருடத்தில் கூடுதல்தான். மழை தப்பிய வருடத்துக்கு அந்த மூதாட்டியின் குடுக்கைதான் வேண்டும். ஆனால் இரண்டு பருவம் இலவச விதை வந்துவிட்டால் அந்தக் குடுக்கையை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

புதிய ரகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையதுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் விதைத்துப் பார்க்கட்டும், அவர்களே ஒப்பிடட்டும். ஒடிசா 2017-இல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் இந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கது. பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலைக்கு அரசே கொள்முதல் செய்தது. பிறகு மக்கள் காத்துவைத்த குந்த்ரா பாட்டி, லக்ஷ்மிபூர் காலியா போன்ற நாட்டு ரகங்கள் ஊர்ப் பெயரோடேயே அதிகாரப்பூர்வ ரகங்களாக வெளிவந்தன.

ஆய்வுக்கென்று விதை எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயிகளும் சமூகங்களும் தங்கள் ரகங்களைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ள இடமிருக்கிறது. ஒரு பிடி விதை மலையை விட்டு இறங்கும் முன் அந்தப் பதிவுக்கு உதவுங்கள்.

குருவியும் பன்றியும்

இதைத் திட்ட ஆவணங்களில் பார்க்கவே முடியாது. ஊரே சாமை விதைத்த காலத்தில் குருவிகள் தின்றது ஊருக்கெல்லாம் பங்காகப் போயிற்று. இப்போது சுற்றிலும் மரவள்ளி, நடுவில் ஒருவர் மட்டும் திட்டத்தை நம்பிச் சாமை விதைத்தால், அந்த மலையில் உள்ள அத்தனை குருவியும் அவர் காட்டில்தான் இறங்கும். ராத்திரி காட்டுப்பன்றி வரும். நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் யானையும் சேர்ந்துகொள்ளும். பரண் கட்டிக் கண்விழிக்க வீட்டில் இளைஞர் இல்லை. "முன்னோடி விவசாயி" என்று ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சமவெளியில் எடுபடலாம். மலையில் பத்து வீட்டுக் காடுகளை ஒட்டினாற்போல், ஒரே வாரத்தில் விதைக்க வையுங்கள். காவல் கூலியைத் திட்டச் செலவில் சேருங்கள்.

வானிலைத் தகவலும் இப்படித்தான். மாவட்டத்துக்குப் பொதுவாக வரும் குறுஞ்செய்தி ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊருக்கு உதவாது, சிக்னலும் இருக்காது. ஊரில் ஒரு மழைமானி வைத்து, பள்ளிப் பிள்ளைகளை விட்டுத் தினமும் பலகையில் எழுதவைத்தால் அதுவே மேல்.

மூன்றாம் வருட மார்ச்

திட்டங்கள் பெரும்பாலும் மூன்று வருடம். முதல் வருடம் கணக்கெடுப்பில் போகும், மூன்றாம் வருடம் அறிக்கையில் போகும். நடுவில் ஒரே ஒரு பருவம். அது மழை தப்பிய வருடமாக இருந்தால் எல்லாம் முடிந்தது.

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் நடந்தது வேறு மாதிரி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே போன இரண்டு மருத்துவர்கள் முதலில் பல வருடம் மருத்துவம்தான் பார்த்தார்கள். மக்களின் உடல்நலமும் நிலத்தின் நலமும் பிரிக்க முடியாதவை என்று பட்ட பிறகே இயற்கை விவசாயப் பேச்சு வந்தது. விரல்விட்டு எண்ணும் அளவு விவசாயிகளோடு தொடங்கி, பிறகு அவர்களுடைய சங்கமாகவே வளர்ந்தது. விவசாயத்தைப் பற்றிப் பேசும் முன்பே ஊருக்கும் அவர்களுக்கும் பத்து வருடப் பழக்கம் இருந்தது.

நமக்குப் பத்து வருடம் யாரும் தர மாட்டார்கள், அது தெரிந்ததுதான். இருக்கிற மூன்று வருடத்தில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உமி நீக்கும் மெஷின் வாங்கும்போது திறந்துவைக்க யாரை அழைப்பது என்று யோசிப்பதற்கு முன், பெல்ட் அறுந்தால் யார் மாட்டுவார் என்று கேளுங்கள். மெஷின் நின்றுபோய், மெக்கானிக் கீழிருந்து வர நான்கு வாரம் ஆகி, அதற்குள் அறுவடை முடிந்துபோன ஊரைப் பார்த்திருக்கிறேன். சாமை மூட்டை திண்ணையில் கிடந்தது. பக்கத்தில் பழைய உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அந்தக் காட்டில் மரவள்ளி. குழுவில் இரண்டு பெண்களுக்காவது மெஷினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுங்கள். இரண்டு பெல்ட்டும் ஒரு சல்லடையும் கூடுதலாக வாங்கி அவர்கள் வீட்டிலேயே வையுங்கள்.